எந்த மாத்திரை யாருக்குப் பலிக்கும்?

கடலூர் முதுநகரில் ஒருவர், சிதம்பரத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. இருவருக்கும் மனச்சோர்வு நோய். தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் பிடிப்பில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, இந்தப் பொழுது விடியாமலே போகக்கூடாதா என்ற எண்ணம். மருத்துவர் இருவருக்கும் ஒரே மாத்திரையை ஒரே அளவில் எழுதித் தருகிறார். ஆறு வாரம் கழிகிறது. ஒருவர் கடையைத் திறந்து வியாபாரம் பார்க்கிறார். மற்றவர் படுத்த இடத்திலேயே கிடக்கிறார்; போதாததற்கு வாய் உலர்தலும் தலைசுற்றலும் வேறு. இது கற்பனை எடுத்துக்காட்டுதான். ஆனால் மனநல மருத்துவர் எவரைக் கேட்டாலும் அன்றாடம் காண்பது இதுவே என்பார்.

முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே இந்த வேறுபாட்டை அறிந்து சொல்ல முடியுமா? இந்தக் கேள்விக்கு வயது ஏறத்தாழ எழுபது ஆண்டு. கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதும் அன்று. மனச்சோர்வு மருந்துகள் முழுப்பலன் தர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பொருந்தாத மருந்தில் ஆறு வாரம் கழிந்தால், நோயாளி "மருந்தெல்லாம் வீண்" என்று முடிவு கட்டி வீட்டோடு இருந்துவிடுகிறார். உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவருக்கு ஆறு வாரம் என்பது மிக நீண்ட காலம்.

இக்கேள்வியின் வரலாற்றில் நம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் ஓர் இடம் உண்டு. அதைச் சொல்லக் காசநோயிலிருந்து தொடங்க வேண்டும்.

காசநோய் மருந்தும் களிப்பும்

1952-ஆம் ஆண்டு நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் ஸீவியூ மருத்துவமனை என்ற காசநோய் மருத்துவமனையில் ஐசோனியசிட், ஐப்ரோனியசிட் என்னும் இரு புதிய மருந்துகளைச் சோதித்தனர். இரண்டும் ஹைட்ரசின் என்ற வேதிப்பொருளின் வழிவந்தவை, ஏறக்குறைய உடன்பிறப்புகள். ஐப்ரோனியசிட் உண்ட நோயாளிகளிடம் ஒரு விந்தை தெரிந்தது. நெஞ்சுச் சளி குறைவதற்கு முன்பே உள்ளத்தில் களிப்பு ஏறியது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்கள் எழுந்து சிரித்துப் பேசி, கூடத்தில் ஆடவும் தொடங்கினர். 1957-இல் நேதன் கிளைன் என்ற மருத்துவரும் அவர் தோழர்களும் இம்மருந்தை மனச்சோர்வு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டனர். கல்லீரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்கியதால் ஐப்ரோனியசிட் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அதன் இனத்தைச் சேர்ந்த பெனல்சின் போன்ற மருந்துகள் நிலைத்தன.

அதே 1957-இல் சுவிட்சர்லாந்தின் ரோலாண்ட் கூன் என்ற மருத்துவர், வேறு இனத்தைச் சேர்ந்த இமிப்பிரமின் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஸூரிச் நகரில் கூடிய உலக மனநல மாநாட்டில் அவர் உரையைக் கேட்க ஒரு டஜன் பேர் அளவில்தான் இருந்தனராம். மருந்து வேலை செய்கிறது என்பதோடு கூன் நிறுத்தவில்லை; யாருக்கு நன்றாக வேலை செய்கிறது என்பதையும் சொன்னார். காலையில் சோர்வு மிகுந்து மாலையில் சற்றே தெளிபவர்கள், உடலும் எண்ணமும் மந்தமானவர்கள், விடியுமுன் விழிப்பவர்கள் ஆகியோரே மிகுதியும் குணமாகிறார்கள் என்றார். முன்கூட்டிச் சொல்லும் முயற்சியின் முதற்படி இதுவே. கருவி ஏதுமில்லை; நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து கூர்ந்து நோக்கியதே முறை.

அளக்காமல் அறிவியல் நகராது. 1960-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேக்ஸ் ஹேமில்டன் 17 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். சோகம், குற்றவுணர்வு, தூக்கம், எடைக்குறைவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டுத்தொகை பாதியாகக் குறைந்தால் மருந்து "பலித்தது" என்று கொள்ளும் வழக்கம் பின்னர் வந்தது. இந்த அளவுகோல் மீட்டர் கோலைப் போன்றதன்று. கேட்பவரைப் பொறுத்தும், பதில் சொல்பவரின் மொழியையும் பழக்கத்தையும் பொறுத்தும் அது மாறும். நம் ஊரில் "மனசு சரியில்லை" என்று வருபவரைவிட "உடம்பெல்லாம் அசதி, தலை பாரம், நெஞ்சு படபடப்பு" என்று வருபவரே மிகுதி. மனச்சோர்வு ஆராய்ச்சியில் பல்லாண்டுகள் ஈடுபட்ட மதுரை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வெங்கோபராவ் போன்றோர், இந்திய நோயாளிகளிடம் இந்நோய் கொள்ளும் வடிவத்தைத் தனியே ஆராய்ந்ததன் தேவை இங்கேதான் விளங்குகிறது. அளவுகோலே ஆடினால் கணிப்பும் ஆடும்.

சேத்துப்பட்டு தந்த துப்பு

இனிச் சென்னைக்கு வருவோம். 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது இம்மையம்தான். அதன் இன்னொரு பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஐசோனியசிட் உண்ட நோயாளிகளின் குருதியில் சில மணி நேரம் கழித்து எவ்வளவு மருந்து எஞ்சியுள்ளது என்று அங்கே அளந்தார்கள். சிலர் உடல் மருந்தை விரைவாகச் செயலிழக்கச் செய்தது. சிலர் உடல் மெதுவாக. தென்னிந்திய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மெதுவான வகையினர். 1961-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் இம்முடிவுகள் வெளிவந்தன. ஐசோனியசிட்டை மட்டும் தனியே உண்டவர்களில், மெதுவான வகையினருக்கு மருந்து கூடுதலாகப் பலித்தது என்றும் தெரிந்தது. மருந்து அவர்கள் உடலில் நீண்ட நேரம் தங்கியதே காரணம்.

எனவே மருந்து ஒன்று, அளவு ஒன்று, நோய் ஒன்றாக இருந்தும் பலன் வேறாகிறது. அந்த வேறுபாட்டை ஒரு குருதிச் சோதனையால் முன்னரே ஓரளவு சொல்ல முடிகிறது. இந்த விரைவும் மெதுவும் பெற்றோர் வழியாக வரும் பண்புகள் என்பதை 1960-இல் டேவிட் பிரைஸ் எவான்ஸ் என்ற ஆங்கில மருத்துவரும் துணைவர்களும் காட்டினர்.

பெனல்சின் என்ற மனச்சோர்வு மருந்தும் ஹைட்ரசின் வழிவந்ததுதானே? அதையும் உடல் அதே வகையில்தான் அழிக்குமோ? எவான்ஸ் குழுவினர் 1965-இல் இதை ஆராய்ந்தனர். பெனல்சின் உண்ட மெதுவான வகையினருக்குப் பக்கவிளைவுகள் மிகுதி என்று கண்டனர். 1973-இல் ஜான்ஸ்டன், மார்ஷ் என்ற இருவர் மெதுவான வகையினருக்கே பெனல்சின் நன்கு பலிக்கிறது என்று அறிவித்தனர். விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. ஆனால் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. பெனல்சின் உடலில் அழிவது பெரும்பாலும் வேறு வழியில் என்பதும் தெரியவந்தது. காசநோயில் கைகொடுத்த துப்பு மனச்சோர்வில் நழுவியது. ஆயினும், குருதியில் மருந்தின் அளவைப் பார் என்ற பாடம் வீணாகவில்லை.

துளையுள்ள தொட்டி

இவ்விடத்தில் இயற்பியல் ஆசிரியனாகச் சிறிது குறுக்கிடுகிறேன். அடியில் துளையுள்ள தொட்டி ஒன்றில் குழாயைத் திறந்துவிடுங்கள். நீர்மட்டம் ஏறும், ஏற ஏறத் துளைவழியே வெளியேறுவதும் கூடும். வரவும் செலவும் சமமானதும் மட்டம் நின்றுவிடும். (வெளியேற்றம் உயரத்தின் வர்க்கமூலத்தைத்தானே பொறுத்தது என்று என் மாணவர்கள் சண்டைக்கு வருவார்கள். இங்கே உயரத்திற்கு நேர்விகிதம் என்றே கொள்ளுங்கள். உடலில் பெரும்பாலான மருந்துகள் அப்படித்தான் வெளியேறுகின்றன.) துளை பாதியானால், அதே குழாய்க்கு நீர்மட்டம் இரண்டு மடங்காகும். கதிரியக்கப் பாடத்தில் படித்த அரை ஆயுட்காலம் மருந்துக்கும் உண்டு. தினமும் ஒரே அளவு உண்டுவந்தால், ஏறத்தாழ ஐந்து அரை ஆயுட்காலத்தில் குருதியில் மட்டம் நிலைபெறும். குழாயைத் திறப்பவர் மருத்துவர். துளையின் அகலத்தைத் தருபவை பெற்றோரிடமிருந்து பெற்ற மரபணுக்கள்.

சுவீடனில் ஷோக்விஸ்ட் என்பவரும் அவர் குழுவினரும் இத்துளையை அளந்தார்கள். ஒரே அளவு மருந்தை உண்ட நோயாளிகளிடையே குருதி மட்டம் பல மடங்கு வேறுபடுவதை 1967-இல் காட்டினர். 1969-இல் எவான்ஸும் அவர்களோடு சேர்ந்தார். நார்ட்ரிப்டிலின் என்ற மருந்தை இரட்டையர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களின் குருதி மட்டங்கள் பெரிதும் ஒத்திருந்தன. இரு கருவில் பிறந்தவர்களின் மட்டங்கள் அவ்வாறில்லை. சிலருக்கு இம்மருந்தின் அரை ஆயுட்காலம் ஒரு நாளுக்கும் குறைவு. சிலருக்கு மூன்று நாளுக்கும் மேல்.

1971-இல் மேரி ஆஸ்பெர்க் கண்டது இன்னும் வியப்பானது. நார்ட்ரிப்டிலின் குருதியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 50 முதல் 140 நானோகிராம் வரை இருக்கும்போதுதான் நன்கு பலிக்கிறது. குறைந்தாலும் பலனில்லை, மிகுந்தாலும் பலனில்லை. மருந்து கேட்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவது சிலருக்கு எதிர்விளைவைத் தரும் என்பது இதனால் தெளிவாயிற்று. மனச்சோர்வு மருத்துவத்தில் ஓர் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பேச முடிந்த முதல் சந்தர்ப்பம் இது என்பேன்.

அந்தத் துளை எந்த நொதியால் ஆனது என்பது ஒரு தற்செயலால் தெரிந்தது. 1975-இல் லண்டனில் ராபர்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர் டெப்ரிசோக்வின் என்ற இரத்த அழுத்த மருந்தைச் சோதனைக்காகத் தாமே விழுங்கினார். உடன் விழுங்கிய தோழர்கள் நலமாக இருக்க, அவர் மட்டும் இரத்த அழுத்தம் சரிந்து நிலைகுலைந்தார். அவர் கல்லீரலில் அந்த மருந்தை அழிக்கும் நொதி ஏறக்குறைய இல்லை. 1977-இல் இது வெளியாயிற்று. அதே நொதியே நார்ட்ரிப்டிலினையும் அழிக்கிறது என்று பின்னர் கண்டனர். இன்று அதன் பெயர் சிப்-2டி6. அதன் உறவினமான சிப்-2சி19 என்ற நொதி, இன்று பரவலாக எழுதப்படும் எஸ்சிட்டாலோபிராம் என்ற மாத்திரையைக் கவனித்துக்கொள்கிறது.

புதுச்சேரியில் எடுத்த கணக்கு

கடலூரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் ஜிப்மர் போய்விடலாம். அங்கே மருந்தியல் துறையில் சி. ஆதித்தன் குழுவினர் தமிழரிடையே இந்த மரபணு வடிவங்கள் எவ்வளவு பரவியுள்ளன என்று தேடினர். சிப்-2சி19 பற்றிய முடிவு 2003-இல் வெளிவந்தது. அந்த நொதியைச் செயலற்றதாக்கும் முக்கியமான மரபணு வடிவம், ஆராயப்பட்ட தமிழரின் மரபணுப் பிரதிகளில் ஏறத்தாழ 38 விழுக்காடு இருந்தது. ஐரோப்பியரில் இது 15 விழுக்காட்டு அளவுதான்.

மாணவர்கள் இங்கே பென்சிலை எடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் தாய்வழி ஒரு பிரதி, தந்தைவழி ஒரு பிரதி. இரண்டும் செயலற்றதாக அமையும் வாய்ப்பு 0.38 × 0.38, அதாவது 0.144. நூறு தமிழரில் ஏறக்குறைய 14 பேர். அதே கணக்கு ஐரோப்பியருக்கு 0.15 × 0.15, நூற்றுக்கு இரண்டு பேர். மேலைநாட்டில் சோதித்து வகுத்த மருந்தளவு இங்கே அப்படியே பொருந்தும் என்று எண்ணுவது எவ்வளவு துணிச்சல் என்று இந்த ஒரு பெருக்கலே காட்டுகிறது.

நார்வே நாட்டில் 2,087 நோயாளிகளின் பதிவேடுகளைக் கொண்டு 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. இரு பிரதிகளும் செயலற்றவர்களின் குருதியில் எஸ்சிட்டாலோபிராம் சாதாரணமானவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் தங்கியிருந்தது. மிக விரைவாக அழிப்பவர்கள், மிக மெதுவாக அழிப்பவர்கள் ஆகிய இரு சாராருமே மருந்தை மாற்றிக்கொள்வது மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. முன்னவர்க்கு மருந்து போதவில்லை. பின்னவர்க்குத் தாங்கவில்லை என்று கொள்ளலாம்.

அப்படியானால் எல்லோருக்கும் மரபணுச் சோதனை செய்துவிட்டால் என்ன? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 1,944 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2022-இல் முடிவை வெளியிட்டனர். மரபணுவைப் பார்த்து மருந்து கொடுத்த குழுவில் குணமானோர் தொடக்கத்தில் சற்றே கூடுதல். 24-ஆம் வாரத்தில் அந்த வேறுபாடும் நிலைக்கவில்லை. தொட்டியின் நீர்மட்டத்தைச் சரியாகச் சொல்லிவிடலாம். அந்த நீரைக் குடித்தவரின் தாகம் தணியுமா என்பது வேறு கேள்வி.

ஐந்து புள்ளிகளும் ஆறாவது புள்ளியும்

தாகத்தை அளக்க முயன்றவர்களும் உண்டு. 1981-இல் பெர்னார்ட் கேரல் என்பவர் மிகப் பெரிய நம்பிக்கை ஒன்றைக் கிளப்பினார். இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கொடுத்தால், மறுநாள் உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு அடங்க வேண்டும். கடும் மனச்சோர்வு உள்ள பலரிடம் அது அடங்குவதில்லை. சர்க்கரை நோய்க்குக் குருதிச் சோதனை போல மனச்சோர்வுக்கும் ஒரு சோதனை கிடைத்துவிட்டதென்று பலரும் மகிழ்ந்தனர். எடைக் குறைவு, மதுப்பழக்கம், வேறு நோய்கள் ஆகியவற்றாலும் இதே முடிவு வரும் என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. மருந்து யாருக்குப் பலிக்கும் என்று சொல்லவும் அது பெரிதும் உதவவில்லை. 1987-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் குழுவே எச்சரிக்கை விடுத்தது. சிறுநீரில் வேதிப்பொருள்கள், மூளையின் மின்னலைகள், மூளைப் படங்கள் என்று வேறு சோதனைகளும் வந்தன. ஒவ்வொன்றும் முதற்கட்டுரையில் மின்னியது. வேறோர் ஊரில் வேறு நோயாளிகளிடம் மங்கியது.

ஏன் இப்படி? வரைபடத் தாளில் ஐந்து புள்ளிகளை மனம்போனபடி வையுங்கள். நான்காம் படிச் சமன்பாடு ஒன்று அந்த ஐந்தின் வழியாகவும் பிசகாமல் செல்லும். அதைப் பார்த்து விதியைக் கண்டுவிட்டோம் என்று கூத்தாடக் கூடாது. ஆறாவது புள்ளியை வைத்ததும் வளைவு எங்கோ போய்விடும். நோயாளிகள் நூறு பேர், அவர்களைப் பற்றிய விவரங்கள் ஆயிரம் என்றால் எந்த முடிவுக்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நடந்ததற்குக் காரணம் கற்பிப்பது ஒன்று. நடக்கப்போவதைச் சொல்வது மற்றொன்று.

இதில் இன்னொரு சிக்கலும் கலந்திருக்கிறது. சோதனைகளில் மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தேறுகிறார். மருந்து உண்டவர்களில் பாதிப்பேர். எனவே தேறிய ஒருவரைக் காட்டி இவர் மருந்தால்தான் தேறினார் என்று சொல்ல முடியாது. அவர் தானே தேறியிருக்கவும் கூடும். கணிக்க வேண்டிய பொருளே கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத நிலை இது.

அமெரிக்காவில் 2001 முதல் 4,041 நோயாளிகளைச் சேர்த்து ஸ்டார்-டி என்னும் பேராய்வு நடந்தது. 2006-இல் வந்த முடிவின்படி முதல் மருந்தில் நோய் முற்றிலும் நீங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவு. இதனுடன் வேறு இரு ஆய்வுகளையும் சேர்த்து, 2,256 பேரின் மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்துப் பார்த்து 2013-இல் முடிவு சொன்னார்கள்: மருந்து பலிப்பதை முன்கூட்டிக் காட்டும் தனி மரபணு ஒன்றுகூட உறுதியாகச் சிக்கவில்லை.

பிறகு கணிப்பொறி வந்தது. 2016-இல் செக்ரவுட் என்பவரின் குழு, ஸ்டார்-டி நோயாளிகளிடம் கேட்ட கேள்விகளிலிருந்து 25 விவரங்களைப் பொறுக்கி, யார் தேறுவார் என்று கணிப்பொறியைச் சொல்ல வைத்தது. நூற்றுக்கு 65 அளவில் சரியாக இருந்தது. முற்றிலும் வேறான ஓர் ஆய்வின் நோயாளிகளிடம் அதையே சோதித்தபோது நூற்றுக்கு 60. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்குமே என்று சிலர் ஏளனம் செய்யலாம். எனக்கு அந்த 60-இன் மீது மதிப்பு உண்டு. ஆறாவது புள்ளியில் வைத்துப் பார்த்துச் சொன்ன எண் அது. அதே செக்ரவுட் 2024-இல் மனச்சிதைவு மருந்துகள் பற்றிய கணிப்புகளை இவ்வாறு சோதித்து, ஓர் ஆய்வில் நன்றாகச் சொன்ன கணிப்பொறி மற்றோர் ஆய்வில் நாணயம் சுண்டுவதைவிட மேலாக இல்லை என்று தாமே வெளியிட்டார். இந்த நேர்மை எல்லோருக்கும் வருவதில்லை. மரபணுச் சோதனைகளையும் மூளையலைச் சோதனைகளையும் விளம்பரப்படுத்தி விற்கும் நிறுவனங்கள் இன்று உலகெங்கும் உள்ளன.

இவ்வளவுக்கும் இடையில் மிக எளிய குறிப்பு ஒன்று தாக்குப்பிடித்து நிற்கிறது. 6,562 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, முதல் இரண்டு வாரத்தில் சிறிதளவேனும் முன்னேற்றம் இல்லாதவர்கள் அதே மருந்தில் பிறகு தேறுவது அரிது என்று காட்டியது. இதற்குக் குருதியும் வேண்டாம், மின்னலையும் வேண்டாம். இரண்டாம் வாரம் நோயாளி மருத்துவரிடம் திரும்பி வந்தால் போதும். ஆனால் கிராமத்திலிருந்து சிதம்பரத்திற்கோ கடலூருக்கோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அந்த இரண்டாம் வருகைதான் கடினம். மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுபவர்களில் பலர் இந்தக் கட்டத்தில்தான் நழுவுகிறார்கள். திடீரென்று நிறுத்துவது தீங்கு என்பதால் மாற்றமோ நிறுத்தமோ மருத்துவர் சொல்லியே நடக்க வேண்டும். வர இயலாதவர்கள் 14416 என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரையா, பேச்சா?

நம் நாட்டு ஆய்வாளர்கள் அண்மையில் கேள்வியையே சற்று மாற்றிக் கேட்கத் தொடங்கியுள்ளனர். கோவாவில் 495 நோயாளிகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் பேசிப் பழகி, நோயாளியை அன்றாட வேலைகளுக்குச் சிறிது சிறிதாகத் திரும்பவைத்தனர். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் கூடுதலாகத் தேறினர். இதைத் தொடர்ந்து மத்தியப் பிரதேசத்தில் போபால் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. மனச்சோர்வுடன் வருவோரில் சிலருக்கு ஃபுளூவாக்சட்டின் மாத்திரை, சிலருக்கு இந்தப் பேச்சு முறை. எது யாருக்கு என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்கிறது. சிகிச்சைக்கு முன்பே ஒவ்வொருவரைப் பற்றியும் விரிவான விவரங்களைத் திரட்டி, எத்தகையவருக்கு மாத்திரை ஏற்றது, எத்தகையவருக்குப் பேச்சு ஏற்றது என்று சொல்லும் விதி ஒன்றை உருவாக்குவதே நோக்கம். அப்படியொரு விதி அமைந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர் விலையுயர்ந்த கருவி ஏதுமில்லாமல் கேள்விகளைக் கேட்டே அதைப் பயன்படுத்தலாம்.